சிறிய கண்களும் வேண்டும்

லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள 'மேஸ்' காமா கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், உள்நாட்டு நிறுவனங்களின் துணையுடன் உருவாக்கிய கருவி இது. பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், இதற்கு அடித்தளமிட்ட சிறிய தொலைநோக்கிகளின் தேவை இத்துடன் முடிந்துவிட்டதாகக் கருதுவது தவறாகும்.

விண்ணிலிருந்து வரும் காமா கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அவை காற்றில் மோதும்போது துகள்கள் மழையெனப் பெருகி, ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் செரன்கோவ் ஒளியை உண்டாக்குகின்றன. தரையிலுள்ள கண்ணாடிகள் பிடிப்பது இந்த ஒளியைத்தான். ஆற்றல் குறைந்த கதிர்களின் ஒளி மங்கலானது; அதற்குப் பெரிய கண்ணாடி தேவை. ஆற்றல் மிகுந்த கதிர்கள் அபூர்வமாகவே வருகின்றன. ஆனால் அவற்றின் ஒளி பிரகாசமானது. அவற்றுக்குச் சிறிய கண்ணாடிகள் போதும். அவை பரந்த நிலப்பரப்பில் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். சிலியில் அமையும் பன்னாட்டு செரன்கோவ் தொலைநோக்கி வரிசையில் சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள கருவிகள் பெருமளவில் இடம்பெறுவது இதனால்தான்.

இந்தியாவில் இத்துறை எளிமையாகவே தொடங்கியது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் 1969-இல் உதகமண்டலத்தில் தேடுவிளக்குக் கண்ணாடிகளைக் கொண்டு ஆய்வைத் தொடங்கியது. பின்னர் அப்பணி மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு மாறியது. பாபா மையம் அபு மலையில் நிறுவிய 'டேக்டிக்' தொலைநோக்கியின் கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ 9.5 சதுர மீட்டர் மட்டுமே. ஹான்லேயில் ஏழு சிறு தொலைநோக்கிகள் கொண்ட 'ஹாகர்' வரிசை 2008-இல் செயல்படத் தொடங்கியது. மேஸ் உருவாகத் தேவையான அனுபவம் இத்தகைய முயற்சிகளிலிருந்தே திரண்டது.

மார்க்கேரியன் 421, 501 போன்ற விண்மீன் மண்டலங்கள் எப்போது சீறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அவற்றை இரவுதோறும் கண்காணிக்க வேண்டும். பல இலக்குகளுக்கு நேரத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டிய பெரிய கருவி இதற்கு ஒதுக்கக்கூடிய நேரம் குறைவு. லா பால்மா தீவில் 2011 முதல் இயங்கிய 'ஃபேக்ட்' எனும் 4 மீட்டருக்கும் குறைந்த தொலைநோக்கி, குறைக்கடத்தி ஒளியுணரிகளின் உதவியால் நிலவொளியிலும் இப்பணியைச் செய்து காட்டியது.

அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. அதன் மானியக் கோரிக்கைகளில் பெருந்திட்டங்கள் கவனம் பெறுவது இயல்பு. அத்துடன், சிறிய தொலைநோக்கிகளின் பராமரிப்புக்கும் பல்கலைக்கழக மாணவர்களின் பயிற்சிக்கும் தொடர்ச்சியான நிதி ஒதுக்கப்பட வேண்டும். தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பயிலும் மாணவருக்கு டிராம்பே சில கிலோமீட்டர் தொலைவே. ஆனால், கருவியைத் தொட்டுப் பழகும் வாய்ப்பு கிடைத்தால்தான் அந்தத் தொலைவு உண்மையில் குறையும். அந்த வாய்ப்பைப் பலருக்கும் குறைந்த செலவில் தரக்கூடியவை சிறிய தொலைநோக்கிகளே. நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரசும் இதை மறக்கலாகாது.