கூடைக் கட்டடமும் தென்காசிக் கோபுரமும்

உலகின் விசித்திரக் கட்டடங்கள் என்று தினம் ஒரு படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அமெரிக்காவில் ஒஹையோவில் கூடை வடிவத்தில் ஏழு மாடி, கைப்பிடியோடு! கட்டியது கூடை விற்ற கம்பெனி. வியாபாரம் படுத்தது, 2016இல் ஊழியர்கள் காலி செய்துவிட்டார்கள். கூடைக்குள் வேறு யார் குடிவருவார்கள்?

என்னைக் கேட்டால் விசித்திரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலத்தூரில் பஸ் ஏறித் தென்காசியில் இறங்கி, பெரிய கோயில் கோபுர வாசலுக்குள் நடந்து பாருங்கள். ஆனி, ஆடியில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளும். சில அடி தாண்டியதும் அதே காற்று முதுகுப் பக்கம் வந்து உள்ளே தள்ளும். வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்!

15ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் பழுதுபார்ப்பவர்களின் காலில் விழுவதாகக் கல்லிலேயே வெட்டிவைத்தான். ஆனாலும் கோபுரம் இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்றதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். ஒன்பது நிலையும் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990இல்தான்.

இப்போது என் கவலை குற்றாலம் சித்திர சபை. நடராசர் சிலையாக இல்லாமல் ஓவியமாக இருக்கும் சபை. சுவரெல்லாம் மூலிகை வண்ணம். பிளந்த கோபுரத்தைத் திரும்பக் கட்டிவிட்டோம். உதிர்ந்த ஓவியத்தை அந்தக் கை வந்து வரையாது. அருவியில் குளித்த ஈரத்தோடு யாராவது அந்தச் சுவரில் சாயக் கண்டால், தயங்காமல் சத்தம் போடுங்கள்.