நீந்தவும் வேண்டும், குண்டையும் தாங்க வேண்டும்!

கப்பலில் இருந்து கடலில் இறங்க வேண்டும். நீந்திக் கரை ஏற வேண்டும். ஏறியதும் சாலையில் ஓட வேண்டும். குண்டு வெடித்தாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். ஒரே வண்டியிடம் இத்தனையும் கேட்டது, அமெரிக்காவின் "மரைன்" படை.

அந்தப் படையிடம் 1972-ம் ஆண்டு முதல் ஒரு வண்டி இருந்தது. டாங்கி போலச் சங்கிலிச் சக்கரம் கொண்டது. தரையில் மணிக்கு 70 கிலோ மீட்டர் ஓடும். கடலில் 13 கிலோ மீட்டர்தான். சைக்கிள் கூட முந்திவிடும்! அதன் கவசம் அலுமினியம். இரும்பைக் கனமாகப் போர்த்தினால் மிதக்காதே!

2005 ஆகஸ்டு 3-ந்தேதி, ஈராக்கில் ஹதீதா அருகே சாலையில் குண்டு வெடித்து இந்த வண்டி ஒன்று நொறுங்கியது. மரைன் வீரர்கள் 14 பேர் மாண்டார்கள்.

300 கோடி டாலர்

இதற்குள் வேறொரு வண்டி தயாராகிக் கொண்டிருந்தது. கடலில் மணிக்கு 46 கிலோ மீட்டர் வேகம்! தரையில் ஓட 850 குதிரை சக்தி போதும். கடலிலோ 2,700 வேண்டி இருந்தது. இந்த வேகத்துக்கு வண்டி நீரின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். அதற்காக அடிப்பாகத்தைத் தட்டையாக அமைத்தார்கள்.

அங்கேதான் சிக்கல். அடிப்பாகம் படகு போலக் கூம்பி இருந்தால், புதைகுண்டின் வேகம் இருபுறமும் சிதறிப் போகும். தட்டை என்றால் முழு அடியும் வண்டிக்குத்தான். சுமார் 300 கோடி டாலர் செலவான பிறகு, 2011 ஜனவரியில் ராணுவ மந்திரி ராபர்ட் கேட்ஸ் திட்டத்தைக் கைவிடச் சொன்னார்.

கடலில் 9 பேர் பலி

பழைய வண்டியே தொடர்ந்து ஓடியது. 2020 ஜூலை 30-ந்தேதி, கலிபோர்னியாவில் சான் கிளமென்டே தீவு அருகே பயிற்சியின்போது ஒன்று மூழ்கியது. 16 பேரில் 9 பேர் இறந்தார்கள். வண்டியின் நிலை மோசம், பயிற்சியும் குறைவு என்றது விசாரணை. வேகத்துக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் வண்டிகள் கிழடு தட்டிப் போனதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2018-ல் மரைன் படை தேர்ந்தெடுத்த வண்டிக்கு ரப்பர் சக்கரம் எட்டு. அடிப்பாகம் கூம்பியது. வெடியின் அதிர்ச்சி முதுகெலும்பைத் தாக்காதபடி இருக்கைகளும் தனி அமைப்பு. 13 வீரர்கள் உட்காரலாம். உயிருக்குப் பாதுகாப்பு கூடியது உண்மை.

வேகம்? கடலில் மணிக்கு 11 கிலோ மீட்டர். பழையதை விடவும் குறைவு! ஆகவே வண்டியை இறக்கிவிடக் கப்பல் கரையை நெருங்கித்தான் வரவேண்டும். கரையில் எதிரியின் ஏவுகணை காத்திருந்தால், கப்பலுக்கே ஆபத்து.