படியெடுத்தலே பாதுகாத்தல்

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். அவர் ஆராய்ந்த முன்னூல்களாகக் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் நான்கினை அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. முன்னைய இரண்டும் இன்று நம் கையில் உள்ளன. பின்னைய இரண்டும் பெயரளவில் நிற்கின்றன. அவை நமக்குக் கிட்டியிருப்பின் நம் வரலாற்றின் ஐயங்கள் எத்தனை தீர்ந்திருக்கும்!

பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் ஈரமும் அதற்குப் பகை. ஆயினும் பழந்தமிழ் நூல்கள் பல நம்மை வந்தடைந்தன. காரணம் யாது? ஏடு நைவதன் முன்னர் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் அதனைப் பெயர்த்தெழுதினர் என்பதே. நம் முன்னோர்க்குப் பாதுகாத்தல் என்பது பூட்டி வைத்தலன்று, படியெடுத்தலேயாகும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியதும் இம்மரபின் தொடர்ச்சியே.

இம்மரபை மறந்தால் நேரும் கேட்டினை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அழிவு நமக்கு உணர்த்திற்று. தீக்கிரையாக்கப்பட்ட ஏறத்தாழ 97,000 நூல்களுள் வேறிடத்துப் பிரதியுள்ளவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். ஒற்றைப் பிரதியாய் இருந்த சுவடிகளை எவ்விலை கொடுத்தும் பெறல் இயலாது. கட்டடம் மீண்டும் எழுந்தது, அவை எழவில்லை.

“அரசர் வரலாறும் புலவர் நூலும் பேணத்தக்கன, சாதாரண மனிதரின் கடிதமும் கணக்கும் எதற்கு?” என்று வினவுவார் உளர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு நீங்கியபோது கைப்பையில் எடுத்தவை காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும். பெட்டகத்தில் விட்டவை மலாயாவிலிருந்து பாட்டனார் எழுதிய கடிதங்களும், திருமணப் படங்களும், தோட்டக் கணக்குக் கொப்பிகளும். உடைமைக்குச் சான்று நம்முடன் வந்தது. வாழ்வுக்குச் சான்று பின்தங்கியது. அந்நெருக்கடியில் அதனைக் குறைகூறல் தகாது. ஆனால் நெருக்கடி எதுவுமின்றி, வீடு வெள்ளையடிக்கும்போது பழங்கடதாசிக் கட்டுக்களைக் குப்பையோடு எரிக்கின்றோமே, அதற்கு யாரை நோவது?

கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. மங்கிய சேர்வு இடாப்பு ஒன்றினைப் புரட்டுக. எந்த ஊரார் எந்த ஆண்டில் கல்வி நாடி வந்தனர், தந்தையர் என்ன தொழில் செய்தனர், எத்தனை சிறுவர் இடையில் விலகினர் என்பன அதில் உள. ஒரு சமூகத்தின் எழுச்சியும் இடர்ப்பாடும் அவ்வரிகளில் அடங்கியுள்ளன. எவரும் வரலாறென்று கருதி அதனை எழுதவில்லை. ஆதலினாலேயே அது நம்பத்தக்கது.

இன்று எழுத்தாணி வேண்டுவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் படியெடுத்து உலகெங்கும் உள்ளோர் படிக்க வழிசெய்துள்ளது. கைத்தொலைபேசி கொண்டு ஒரு சிறுவனும் கடிதமொன்றைப் படமாக்கலாம். எனினும் ஓர் எச்சரிக்கை: யார், எங்கே, எப்போது என்னும் குறிப்பில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் புதிர். ஒரே கருவியில் மட்டும் கிடக்கும் படமோ ஒற்றை ஏட்டினும் நிலையற்றது.

ஆகவே பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். விழாக்காலத்தில் கல்லூரிக்குக் கட்டடமும் தளபாடமும் நல்குகின்றீர்கள், நன்று. அவற்றோடு உங்கள் வீட்டிலுள்ள கடிதம், படம், பழைய மலர் ஆகியவற்றுள் ஒன்றையேனும் கொணர்க. ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் அதனைப் படியெடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் உங்கள் வாய்மொழியாகவே கேட்டுக் குறிக்கட்டும். மூலம் உங்களிடமே மீளட்டும். படிகள் ஈரிடத்தேனும் இருக்கட்டும். குறிப்புச் சொல்லவல்ல முதியோர் நம்மிடை இருக்கும்போதே இது நிகழல் வேண்டும்.

இராசமுறை என்னும் பெயரை நாம் ஏக்கத்தோடு உச்சரிக்கின்றோம். நம் காலத்தைப் பற்றி நாளையோர் அவ்வாறு ஏங்காதிருக்கச் செய்தல் நம் கடன்.