கொத்தடிமை முறைக்கு 2,000 ரூபாய் அபராதம்



2018 நவம்பரில் கஜா புயல் ஓய்ந்த கையோடு, டெல்டாவில் வீடிழந்த குடும்பங்கள் சில முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஆடு மேய்க்க அனுப்பிய செய்திகள் வந்தன. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். பையன் மந்தையோடு ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பான். இன்று தேடிப்போன அதிகாரிக்கு நாளை அந்த வயலில் புழுக்கைதான் மிஞ்சும்.

பிடிபட்டால் முதலாளிக்கு என்ன? 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அந்தக் காசுக்கு இன்று நல்ல ஆட்டுக்குட்டிகூட வராது.

சுரண்டலுக்காகக் குழந்தையைக் கடத்தினால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு. ஆனால், பெற்றோரே சம்மதித்து அனுப்பியதாக எழுதிவிட்டால் வழக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே முடிந்துவிடக்கூடும்.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழக அரசே திருத்தம் கொண்டுவரலாம். அபராதத்தை உயர்த்தினால் மட்டும் போதாது; மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தருவதற்கும் கெடு வேண்டும். அந்தத் தாள் கோட்டாட்சியர் மேசையில் கிடக்கும்வரை மறுவாழ்வுத் தொகை முழுதாகக் கைக்கு வராது. சட்டப்படி ரத்தான கடனைக் கேட்டு முதலாளியின் ஆள் மட்டும் வாசலில் வந்து நிற்பார். தொழிலாளர் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்ற உறுப்பினர்கள் இதை எழுப்பட்டும்.

- ஒரு வாசகர், திருவாரூர்