கொடி ரத்த ரிசல்ட்டைக் கேட்டு வாங்குங்கள்



"பச்சைப் புள்ளைக்கு எதுக்கு ரத்தம் எடுக்கிறீங்க?" என்று பிரசவ வார்டில் சண்டைக்குப் போகும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். போன வருஷம் என் நாத்தனார் பிரசவத்தில் என் மாமியாரும் அப்படித்தான் சத்தம் போட்டார். எடுத்தது குழந்தை உடம்பிலிருந்து அல்ல. வெட்டிய தொப்புள் கொடியில் மிஞ்சிய ரத்தம். குழந்தைக்கு வலியும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நாத்தனாருக்கு எட்டாம் மாசமே பிரஷர் 150/100. யூரினில் புரதமும் போனது. "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டார்கள் அவள் புகுந்த வீட்டில். ப்ரீ எக்லாம்ப்சியா என்கிறார்கள் இதை. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். தாய் என்னதான் நன்றாகச் சாப்பிட்டாலும் உள்ளே குழந்தைக்குப் பிராணவாயு போதாமல் போகலாம். அப்போது ரத்தத்தில் அமிலம் ஏறும். கொடி ரத்தத்தில் பார்ப்பது அதைத்தான். பி.எச். அளவு 7.0-க்குக் கீழே போனால் ஆபத்து. லாக்டேட் என்று இன்னொன்றும் பார்ப்பார்கள். முதிராத சிவப்பணுக்கள் அதிகம் இருந்தால், பிரசவத்துக்கு முன்பிருந்தே மூச்சுக்காற்று குறைந்திருக்கலாமாம். ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். அழுகை எப்படி, கைகால் துவளுகிறதா, வலிப்பு வருகிறதா எல்லாம் சேர்த்துத்தான்.

என் ஆதங்கம் என்னவென்றால், இந்த ரிசல்ட்டை யாரும் தாயிடம் சொல்வதில்லை. நாத்தனாருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தையின் எடை மட்டும்தான் இருந்தது. ஐந்தாம் மாசமும் தலை நிற்கவில்லை என்று வேறு டாக்டரிடம் போனால், "கொடி ரத்தம் என்ன வந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தத் தாளுக்காக நாலு நாள் அலைந்தோம். நாம் பெற்ற பிள்ளையின் ரிசல்ட்தானே, கேட்பதற்கென்ன கூச்சம்?

பிறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையைக் குளிரவைக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் பலன் தருகிறது. இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்விலோ பலன் கிடைக்கவில்லை, இறப்புதான் கூடியது.

ஆகவே செக்கப்புக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பிரஷர் எவ்வளவு என்று கேளுங்கள். 140/90 ஆனாலே கவனம் வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போன பிரசவத்தில் பிரஷர் இருந்தவர்கள் அடுத்து உண்டானதுமே டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள்; நாமாகக் கடையில் வாங்கிப் போடக்கூடாது.

- ஒரு வாசகி, விருதுநகர்