அமேசானை எழுதும் கைகள் பாலாற்றை எழுதாதது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தையொட்டி நம் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்த கட்டுரை, கவிதைப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். கட்டுக் கட்டாகத் தாள்கள். அமேசான் காடு எரிகிறது. துருவத்தில் பனி உருகுகிறது. ஓசோனில் ஓட்டை விழுகிறது. எல்லாம் துணைநூல் தமிழ்! எழுதிய பிள்ளைகளோ பாலாற்றங்கரைப் பிள்ளைகள். பள்ளிக்கு வரும் வழியில் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள்.

ஒரே ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவி எழுதியது. எழுத்துப் பிழைகள் நிறைய. தன் தந்தை டேனரியில் டிரம் ஓட்டுகிறார், அவர் கைத் தோல் உரிகிறது, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாததால் தாயார் கேன் தண்ணீர் வாங்குகிறார், அந்தக் கேனுக்கான காசும் டேனரிச் சம்பளத்திலிருந்தே போகிறது என்று எழுதியிருந்தாள். இதைவிடத் தெளிவாக ஒரு பொருளாதார நிபுணர் சொல்லிவிட முடியுமா?

அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா பரிசு கொடுக்க வர்றவரே டேனரிக்காரர். நமக்கெதுக்கு வம்பு?" என்றார் உடனிருந்தவர். அமேசானுக்கு முதல் பரிசு என்று முடிவாயிற்று. அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். பிறரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அந்தப் பெண் எழுதியது கற்பனையா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தந்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதற்கு நம் ஊர்க் கிணறுகளும் ஒரு காரணம்! அதன்பின் அமைந்த ஆணையம் 2001-ல் இருபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. அது சரிவரப் போய்ச் சேரவில்லை என்பதால்தான் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் செய் என்று அரசுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. இடையில் 2015-ல் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைப் பற்றி எந்தப் பள்ளியில் கவிதை எழுதச் சொன்னார்கள்?

"சகோதரரே, இதையெல்லாம் நம் பிள்ளைகளே எழுதினால் நம் சமுதாயத்தின் மேல் கல்லெறியக் காத்திருப்பவர்களுக்குக் கல் எடுத்துக் கொடுத்ததாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். டேனரி என்றாலே முஸ்லிம், முஸ்லிம் என்றாலே மாசு என்று பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நடந்தது என்ன? ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் இவை. 1970-களில் அரைப்பதனீட்டுத் தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலாக அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணிக்காகக் குரோமியம் பெருகியது. ஷூவை அணிந்து நடப்பவர் ஐரோப்பாவில் இருக்கிறார், கழிவு நீர் ஆம்பூரில் தங்கிவிட்டது. இந்தக் கதையை முழுதாகச் சொல்லக் கூடியவர்கள் யார்? நம் பிள்ளைகள்தானே! நாம் வாய் மூடியிருந்தால் பாதிக் கதையை மட்டும் பிறர் சொல்வார்கள். முதலாளிக்கு மட்டுமா சமுதாயம்? குழியில் இறங்குகிறவனும், கிணறு இழந்த விவசாயியும், ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் பெண்களும் யார்? அவர்களில் நம்மவரும் உண்டு, தலித் சகோதரர்களும் உண்டு.

பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன, கழிவு நீரை வெளியே விடாத முறையும் வந்திருக்கிறது. மறுக்கவில்லை. அதில் மிஞ்சும் உப்பு எங்கே போகிறது என்று ஒரு மாணவன் போய்ப் பார்த்து எழுதட்டுமே.

எல்லா வகுப்புகளிலும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாடம் வந்தது. ஊர் வரவில்லை. இத்தனைக்கும் கவிக்கோ அப்துல் ரகுமான் நெடுங்காலம் தமிழ் போதித்தது நம் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில்தான். திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்க்கையை டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக்கினார், அதற்கு 2012-ல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. ஆம்பூரையும் பேரணாம்பட்டையும் எழுதப் போகிறவர் இப்போது எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ உட்கார்ந்து, ஆசிரியர் சொல்லச் சொல்ல ஓசோன் ஓட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கக் கூடும்.

ஜமாஅத்துகளும் கல்விச் சங்கங்களும் போட்டி நடத்துகின்றன, மகிழ்ச்சி. வரும் ஆண்டில் 'உலகம் வெப்பமடைதல்' என்ற தலைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, 'எங்கள் வீட்டுக் கிணறு' என்று ஒரு தலைப்புக் கொடுங்கள். தமிழில் எழுதட்டும், உருதுவில் எழுதட்டும். பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது கண்டதை எழுதட்டும். பரிசுத் தொகையைச் சங்க நிதியிலிருந்தே கொடுங்கள், ஐந்நூறு ரூபாயானாலும் போதும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். நடுவராக என்னை அழைக்க வேண்டாம். டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை உட்கார வையுங்கள்.