உயில் இருக்க செட்டில்மெண்ட் எதற்கு?

கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னாலும் சொன்னது, முதியோர் பிரச்சினையே தீர்ந்துவிட்டதைப் போல ஒரு குதூகலம். நாகப்பட்டினத்து வழக்கு அது. மூன்று மகள்கள் இருந்தும் சொத்தை ஒரே மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தார் 87 வயது மூதாட்டி. மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை. பராமரிப்பு நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டாலும், அன்பின் பேரில் எழுதியதே நிபந்தனைதான் என்றது நீதிமன்றம்.

நல்ல தீர்ப்பு. ஆனால், 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சொத்தைத் திரும்பப் பெற வழிசெய்யும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் இதே 23ஆவது பிரிவுக்கு நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் தாராளமாகப் பொருள்கொள்ளச் சொன்னது. நீதிபதிகளுக்கே இரண்டு ஆண்டுகள் பிடித்த விஷயத்தில் கிழவர்களைப் பந்தயம் கட்டச் சொல்கிறோம்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீடும் கொஞ்சம் நஞ்சையும் வைத்திருப்பவர் விருத்தாசலத்துக்குப் பத்திரம் பதியத் தனியாகவா போகிறார்? மகன்தான் கூட்டிப்போகிறான். வாசகம் ஏற்கெனவே தயார்: ‘உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று தொடங்கி, ‘இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை’ என்று முடியும். சுவாதீனமும் அன்றைக்கே ஒப்படைத்தாயிற்று. ‘என் ஆயுள்வரை நானே அனுபவித்துக்கொள்வேன்’ என்ற ஒரு வரியைச் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. சேர்க்கச் சொல்ல அங்கே ஆள்தான் இல்லை. பிறகு சோறு கிடைக்காதபோது அதே ஊருக்குப் பஸ் ஏறி, சார் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அவர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயம் அதிகபட்சம் வாங்கித்தரக்கூடிய ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய். 2007இல் போட்ட உச்சவரம்பு. அதை நீக்க வந்த 2019 மசோதா மக்களவையோடு காலாவதியானது.

உயிரோடிருக்கும்போதே எழுதிவாங்கும் இந்த அவசரத்துக்குத் தீனி போடுவது அரசே. ஒரு கோடி ரூபாய் சொத்தை விற்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம்: 9 லட்சம். அதையே மகனுக்குச் செட்டில்மெண்ட் செய்தால் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000க்கு மேல் போகாது; பதிவுக்கட்டணம் 10,000க்கு மேல் போகாது. ஆக 50,000. ஐந்து கோடிக்கும் அதே 50,000! 2023 ஜூலைக்கு முன் 29,000தான். பெற்றோரைத் தெருவில் விட இவ்வளவு தள்ளுபடி வேறெங்கும் கிடைக்காது.

உயிலுக்கோ முத்திரைத்தாளே வேண்டாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. பதிந்தாலும், மனம் மாறினால் மறுநாளே வேறு எழுதலாம். மூச்சு இருக்கும்வரை வீடு எழுதியவருடையது. ‘உயில் என்றால் கோர்ட்டுக்குப் போகும்’ என்பார்கள் பத்திர எழுத்தர்கள். செட்டில்மெண்ட் மட்டும் எங்கே போயிற்றாம்? ‘பட்டா மாற வேண்டாமா’ என்பது மகனின் அவசரம். அப்பாவுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

2031இல் தமிழகத்தில் நூற்றுக்கு 18 பேர் அறுபதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. இத்தனை பேருக்கும் தீர்ப்பாயம் காவல் நிற்காது. அறுபது கடந்தவர் குடியிருக்கும் வீட்டைப் பிள்ளைக்குச் செட்டில்மெண்ட் எழுதுவதையே தடைசெய்ய வேண்டும். துணிச்சல் இல்லையென்றால் அந்தச் சலுகையையாவது எடுத்துவிடட்டும். 50,000க்குப் பதில் 9 லட்சம் கட்டு என்றால், அப்பாவின் அன்பை இன்றைக்கே பத்திரமாக்க எத்தனை மகன்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.